கேதீஸ்வரன் கொண்டுவந்த சீனம்

நாடே வெளியே போவதற்கு வரிசையில் நின்ற வருடத்தில் கேதீஸ்வரன் உள்ளே வந்தான். அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, கடவுச்சீட்டுக் கந்தோர் வாசலில் விடிய விடிய வரிசை. அந்த நேரம் பார்த்துப் பண்டத்தரிப்புச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, ஒரு சூட்கேசை உருட்டிக்கொண்டு வந்து, "எப்பிடி அண்ணை இருக்கிறியள்?" என்று கேட்டான். "உனக்கென்ன விசரோ?" என்று நான் திருப்பிக் கேட்டேன். பதினொரு வருடம் பாரிசில் இருந்துவிட்டு வருகிறவனை வரவேற்கிற முறை அது இல்லைதான். ஊரில் எல்லோரும் மனதுக்குள் கேட்டதை நான் வாயால் கேட்டுவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பெயர் இராசநாயகம். சந்திக்குக் கிட்ட ஒரு ரியூட்டரி நடத்துகிறேன். கணிதம் படிப்பிக்கிறேன். நிறுவிக் காட்டாத எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று பிள்ளைகளிடம் பெருமை அடித்துக்கொள்வேன். அந்தப் பெருமைக்கு என்ன நடந்தது என்பதும் இந்தக் கதையில் வரும். கேதீஸ்வரன் என் பக்கத்து வளவுக்காரன், என்னைவிட ஏழு வயது இளையவன். கலியாணம் கட்டி ஒரு வருடம் முடிவதற்குள், மனைவி உதயகலா நாலு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்துப் பிரான்சுக்குப் போனவன். அங்கே அவன் போட்ட அகதி வழக்கு மூன்று தரம் தள்ளுபடியானது. கடைசித் தள்ளுபடியோடு, "காணும், நான் வீட்டை போறன்" என்று தானாகவே கிளம்பி வந்துவிட்டான்.

பிரான்சுக்குப் போனவனுக்குப் பிரெஞ்சு வராமல் சீனம் வந்ததுதான் இதில் முதலாவது குழப்பம். பாரிசில் பெல்வில் என்ற பக்கத்தில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை. குசினி நிலத்துக்குக் கீழே. அங்கே கோப்பை கழுவத் தொடங்கினான். பிறகு காய்கறி வெட்டினான். பிறகு பெரிய சட்டியடியில் நின்றான். வேலை செய்த ஒன்பது பேரும் ஒரே ஊர்ச் சீனர்கள். இதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பண்டத்தரிப்பான் ஒருவன் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கடை போட்டால் அடுத்த வருடம் பாதிப் பண்டத்தரிப்பும் அந்தக் கடைக்குள்தானே நிற்கும். காலை பத்து மணிக்குப் படியிறங்கினால் இரவு பன்னிரண்டுக்குத்தான் மேலே வருவான். பிரெஞ்சு பேசுவதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. இந்த ஒன்பது பேரோடும் சண்டை பிடித்து, பகிடி விட்டு, ஒருவருடைய தாய் செத்தபோது சேர்ந்து அழுது, அவன் அந்தப் பாஷையைப் பேசப் பழகிக்கொண்டான்.

வந்தபின் இரண்டு வருடம் என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தான். தகப்பன் விட்ட தோட்டத்தில் வெங்காயம் நட்டான். மழை வந்து அழுகிப்போனது. "ஒரு கொத்து ரொட்டிக் கடை, பிரைட் ரைஸ் கடை போடன்" என்று ஊரே புத்தி சொன்னது. அவன் சட்டைக் கையை மடித்து எண்ணெய் தெறித்த தழும்புகளைக் காட்டுவான். "இனி அந்தச் சட்டியடியிலை நிக்க ஏலாது அண்ணை" என்பான். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டால் வந்தவனைப் பார்த்து ஊர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: என்ன கொண்டுவந்தவன்? மாடி வீடு கட்டினால் பதில் கிடைத்த மாதிரி. கேதீஸ்வரன் கொண்டுவந்தது இரண்டு குளிர்ச் சட்டையும் ஒரு வெட்டுக்கத்தியும்தான்.

வீட்டுக்குள்ளேயும் ஒரு சிக்கல் இருந்தது. மகள் சுவர்ணா, அவன் போய் ஐந்து மாதத்தில் பிறந்தவள். அவன் வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை. ஆனால் அவனை அப்பா என்று கூப்பிட அவளுக்கு வரவில்லை. "அம்மா, அவர் சந்தைக்குப் போட்டார்." "அம்மா, அவருக்குத் தேத்தண்ணி வேணுமாம்." உதயகலா ஏசிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். பிடிவாதம் என்றால் அடித்தாவது திருத்தலாம். இது பிடிவாதம் இல்லை. போனில் "ஹலோ" என்று தொடங்கி "சரி, அம்மாட்டைக் குடுக்கிறன்" என்று முடித்துப் பழகிய வாய் அது. கேதீஸ்வரன் ஒன்றும் சொல்ல மாட்டான். அவள் "அவர்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எதையாவது தேடுகிற சாட்டில் எழும்பிப் போவான்.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் அவன் போனில் கதைத்துச் சிரிப்பது கேட்டது. தமிழும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. எட்டிப் பார்த்தேன்.

"உதென்ன பாஷை?"

"சீனம் அண்ணை. எங்கடை குசினியிலை பெரிய சட்டிக்காரர். என்னைத் தம்பி மாதிரி வைச்சிருந்தவர்."

"இவ்வளவு கெதியாக் கதைக்கிறாய்! எழுதவும் தெரியுமோ?"

"எப்பன் தெரியும். ஓடர்த் துண்டிலை வாறதெல்லாம் வாசிப்பன்."

எனக்குள் இருந்த ரியூட்டரிக்காரன் அந்த இடத்தில் விழித்துக்கொண்டான். இங்கிலீசுக்கு ஊரில் முப்பது வகுப்பு இருக்கிறது. சீனத்துக்கு எனக்குத் தெரிய ஒன்றும் இல்லை. துறைமுகத்திலும் ஹோட்டலிலும் சீனம் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். அடுத்த கிழமையே நோட்டீஸ் அடித்தேன்: 'சீன மொழி வகுப்பு. பாரிசில் பதினொரு வருட அனுபவம்.' பாரிசுக்கும் சீனத்துக்கும் என்ன தொடர்பு என்று சந்தியில் நாலு பேர் நின்று தலையைச் சொறிந்தார்கள். நான் கவலைப்படவில்லை. குழம்புகிற சனம்தான் விசாரிக்க உள்ளே வரும்.

ஏழு பேர் சேர்ந்தார்கள். அதில் கெட்டிக்காரி லவீனா. குருநகர்ப் பிள்ளை, நகரத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து வருவாள். எட்டாவதாக, யாரும் கேட்காமல், சுவர்ணா வந்து முன்வாங்கில் இருந்தாள். தகப்பனிடம் படிக்கத்தான் வந்தாளா, சும்மா வேடிக்கை பார்க்க வந்தாளா என்று எனக்கு விளங்கவில்லை. வகுப்பில் எல்லோரும் "சேர்" என்றுதான் சொல்வார்கள். அவளும் "சேர்" என்றாள். அந்தச் சொல் அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

இணையத்தில் கிடந்த ஒரு சீனப் பாடப் புத்தகத்தை நான் அச்செடுத்துக் கொடுத்தேன். கேதீஸ்வரன் அதில் இருந்த எழுத்துகளைக் காட்டித் தன் குசினிச் சீனத்தில் சொல்லிக் கொடுத்தான். நன்றாகவே படிப்பித்தான். கோழி, இறால், சோறு, தண்ணீர், கொண்டுவா, பொறு, எரிகிறது, கவனம் எல்லாம் முதல் மாதத்திலேயே வந்துவிட்டன. ஐந்தாவது கிழமையில் லவீனா கை உயர்த்தினாள்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. போனிலை போட்டுக் கேட்டால் வேறை மாதிரிச் சொல்லுது. நீங்கள் சொல்லுற ஒண்டும் அதோடை சேரேல்லை."

வகுப்பு முழுக்கக் கேதீஸ்வரனைப் பார்த்தது. கதவடியில் நின்ற நானும் பார்த்தேன். கேதீஸ்வரன் கொஞ்சமும் அசையவில்லை.

"பிள்ளை, வானொலியிலை செய்தி கேக்கிறனீங்களோ?"

"ஓம் சேர்."

"'அமைச்சர் தெரிவித்தார்' எண்டு வாசிப்பினம். வீட்டிலை உங்கடை அம்மா, 'அப்பா தெரிவித்தார்' எண்டோ சொல்லுறவ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நாங்கள் எழுதுறது 'வருகிறேன்'. கதைக்கிறது 'வாறன்'. வெள்ளைக்காரன் ஒருத்தன் புத்தகத்திலை தமிழ் படிச்சுப்போட்டு இஞ்சை வந்தால் அவனுக்கு எங்கடை கதை விளங்குமே? சீனத்திலும் உதுதான். போன் சொல்லுறது செய்திச் சீனம். நான் சொல்லித்தாறது வீட்டுச் சீனம்."

அவன் ஏமாற்றவில்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அந்தக் குசினியில் ஒரு தொலைக்காட்சி நாள் முழுக்க ஓடுமாம். அதில் பேசுவது அவனுக்கு ஒரு சொல்லும் விளங்காது, மற்ற ஒன்பது பேருக்கும் விளங்கும். அது செய்திச் சீனம், தனக்குப் படிப்புக் காணாது என்று அவன் தானாகவே முடிவு கட்டிவிட்டான். தமிழனுக்கு அப்படித்தான் தோன்றும். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று என்று பிறந்ததிலிருந்து பழகியவர்கள் நாங்கள். உலகத்தில் எல்லாப் பாஷையும் இப்படித்தான் என்று நம்புவதற்கு எங்களுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. பதினெட்டு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிற நானும், நிறுவல் முடிந்தது என்று தலையை ஆட்டிவிட்டு என் வகுப்புக்குப் போனேன்.

மூன்றாம் மாதம் குடும்பம் என்ற பாடம் வந்தது. வெண்பலகையில் அப்பா, அம்மா, அண்ணை, தங்கச்சி என்று தமிழில் எழுதி, ஒவ்வொன்றையும் சீனத்தில் சொல்லி, ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லவைத்தான். சுவர்ணாவின் முறை வந்தது. அவள் பலகையைப் பார்த்தபடி நாலு சொல்லையும் தெளிவாகச் சொன்னாள். அந்த வகுப்பிலேயே அவளுடைய உச்சரிப்புத்தான் திறம் என்று எனக்கும் விளங்கியது. கேதீஸ்வரன் பேனை பிடித்த கையைத் தூக்கியபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "சரி, அடுத்த ஆள்" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் இன்னாசித்தம்பி முதலாளி ரியூட்டரிக்கு வந்தார். குருநகரில் மீன் ஏற்றுகிற வியாபாரி. லவீனா போகிற கிறிஸ்தவக் கோயிலுக்கே போகிறவர். மீன் அடைக்கிற ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டி செய்வதற்கு அச்சுவேலியில் ஒரு தொழிற்சாலை தொடங்கியிருந்தார். யந்திரம் சீனாவிலிருந்து வந்துவிட்டது. அதைப் பொருத்திப் பூட்டுவதற்கு அங்கிருந்து ஒரு ஆள் வரப்போகிறது.

"எனக்கொரு சீனம் தெரிஞ்ச ஆள் வேணும் மாஸ்ரர். கொழும்பிலை கேட்டால் ஒருத்தரும் இஞ்சாலை வர மாட்டினமாம். லவீனாப் பிள்ளைதான் உங்கடை இடத்தைச் சொன்னது."

நான் கேதீஸ்வரனைக் கூப்பிட்டு நிறுத்தினேன். முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, எத்தினை வருசம் கதைச்சனீங்கள்?"

"பதினொரு வருசம் முதலாளி. பகல் முழுக்க அதுதான்."

"அப்ப பிறகென்ன! உந்த ஆள் நிக்கிற பத்து நாளும் கூட நில்லுங்கோ. சரி வந்தால் உங்களை நிரந்தரமா வைச்சிருப்பன். இனிமேல் எனக்கு எல்லாச் சாமானும் அங்கையிருந்துதான் வரப்போகுது."

நிரந்தர வேலை. மேசை, கதிரை, மொழிபெயர்ப்பாளர் என்ற பெயர். ஊர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அவனிடம் இருந்த ஒரே பதில் இந்தச் சீனம்தான். அது அச்சுவேலியில் விலைபோனால் அவன் சும்மா வரவில்லை என்று ஆகும். விலைபோகாவிட்டால் பதினொரு வருடமும் வெறும் கோப்பை கழுவினதாகத்தான் முடியும். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க அவன் வேலியடியில் நடந்த நடையிலேயே எனக்குத் தெரிந்தது.

போகிற அன்று உதயகலா நீல நிறச் சட்டையை அயன்பெட்டியால் இரண்டு தரம் மினுக்கிக் கொடுத்தாள். "இண்டைக்குத்தான் அண்ணை உவர் வெளிநாட்டாலை வந்த மாதிரிக் கிடக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சுவர்ணா வாசல் படலையடிவரை வந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள், சொல்லவில்லை. என் மோட்டார்சைக்கிளில் இரண்டு பேரும் போனோம். லவீனா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சேர் மொழிபெயர்ப்பதைப் பார்த்துப் பழக வேண்டும் என்று எங்களுக்கு முதலே வந்து நின்றாள்.

வந்தவர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தொப்பி, இடுப்பில் சாவி குறடுகளோடு ஆயுதப் பை. பெயர் லின் என்று முதலாளி சொன்னார். கேதீஸ்வரன் முன்னால் போய், குனிந்து, குசினியில் ஒவ்வொரு நாளும் சொல்கிற வணக்கத்தைச் சொன்னான். சாப்பிட்டாச்சா என்று கேட்பதுதான் அவர்களுடைய வணக்கம் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தான். லின் சிரித்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். பிறகு நீளமாக ஏதோ சொன்னாள்.

கேதீஸ்வரன் அவளுடைய வாயையே பார்த்தான்.

"என்னவாம்?" என்றார் முதலாளி.

"கொஞ்சம் பொறுங்கோ முதலாளி. படிச்ச ஆள் போலை. செய்திச் சீனம் கதைக்கிறா." அவன் திரும்பவும் சொன்னான், ஆறுதலாக, சத்தமாக. அவளும் ஆறுதலாக, சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். இரண்டு பேரும் கதைப்பது சீனம், ஆனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு துளியும் போகவில்லை. எனக்குத் தலை சுற்றியது. வீட்டிலே கதைக்கிற மாதிரிக் கதையம்மா என்று அந்தப் பிள்ளையிடம் கத்த வேண்டும் போல இருந்தது. அந்த நேரத்திலும் பிழை அவளிடம்தான் என்று நான் நினைத்தேன் என்றால் பாருங்கள்.

"தண்ணி எண்டு ஏதோ சொல்லுறா சேர்" என்றாள் லவீனா, மெல்ல. "நாளைக்கு... கரண்டு... யந்திரத்துக்குத் தண்ணி லைன் எங்கை எண்டு கேக்கிறா போலை."

அவள் தண்ணீர்க் குழாய் இருந்த மூலையைக் கையால் காட்டினாள். லின் துள்ளிக்கொண்டு வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதம் வகுப்பில் சேரிடம் படித்ததை விட்டுவிட்டு, பஸ்ஸில் போனைக் காதில் வைத்துக் கேட்ட அந்தச் சீனம்தான் லவீனாவுக்குக் கைகொடுத்தது. அவள் என் முகத்தையோ கேதீஸ்வரன் முகத்தையோ பார்க்கவில்லை.

மீதிக்கு லின் தன் போனை எடுத்தாள். அதில் சீனத்தில் பேசினாள். போன் ஒரு பெண் குரலில், சுத்தமான தமிழில், அந்தப் பெரிய மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "இந்த ஐயா எந்த மொழியில் பேசுகிறார்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். கேதீஸ்வரன் மட்டும் விடவில்லை. யந்திரம் வந்த மட்டைப்பெட்டி ஒன்றில் பேனையால் ஒரு எழுத்தை எழுதி, கோழி என்று தன் சீனத்தில் வாசித்தான். லின் அதே எழுத்தை வேறு மாதிரி வாசித்தாள். இறால் எழுதினான். சோறு எழுதினான். வேர்த்து ஒழுகியது. எழுத்து ஒன்றுதான், அவன் வாயில் ஒன்றும் அவள் வாயில் ஒன்றுமாக வந்தது. அவளுக்கு இப்போது சிரிப்புப் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. அவனைக் கதைக்கச் சொல்லிப் பதிந்து, தன் ஊரில் யாருக்கோ அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அவள் வாசித்தாள், போன் தமிழில் சொன்னது.

"இது வென்சோ என்ற இடத்தின் பேச்சு. அந்த இடத்து மக்களைத் தவிர எங்களில் வேறு யாருக்கும் விளங்காது. மிகவும் கடினமானது. நீங்கள் எப்படிக் கற்றீர்கள்?"

"எத்தினை பேர் உதைக் கதைக்கினம் எண்டு கேளுங்கோ" என்றான் கேதீஸ்வரன் லவீனாவிடம்.

ஐம்பது இலட்சம் பேர் இருக்கலாம் என்றது போன்.

"இலங்கைத் தமிழரைவிடக் கூட" என்றான் அவன். யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

இன்னாசித்தம்பி முதலாளி தன்மையான மனிதர். ஏசியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். "சரி தம்பி, ஆருக்கும் நடக்கிறதுதானே. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று தோளில் தட்டினார். லவீனாவைப் பத்து நாளுக்கும் வரச் சொன்னார். அந்தத் தேத்தண்ணியை நாங்கள் குடித்த மாதிரி எந்தத் தேத்தண்ணியையும் யாரும் குடித்திருக்க மாட்டார்கள்.

சுன்னாகம் தாண்டும்போது மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்தவன் முன்னுக்குச் சாய்ந்தான். பிறகு என் காதுக்குக் கிட்டக் கேட்டான்.

"அப்ப அண்ணை, நான் பதினொரு வருசம் கதைச்சது என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அது சீனமா என்றால் சீனம்தான். சீனம் இல்லையா என்றால் இல்லைத்தான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும்? கணிதத்தில் இப்படி ஒரு விடை வந்தால் எங்கேயோ பிழை விட்டிருக்கிறாய் என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுப்பேன். இதில் யாருடைய கொப்பியைத் திருப்புவது? சிக்னலில் நின்றபோது, "பாப்பம், பாப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

ஊர் ஒரு நாளில் அறிந்துவிட்டது. "செய்திச் சீனம் வருகுது, வழி விடுங்கோ" என்று சந்தியில் நின்று பகிடி விட்டார்கள். சனத்தை ஏய்த்துப் போட்டான் என்றும் ஒருவர் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரோடு கடை வாசலில் வைத்தே கொழுவினேன். நோட்டீஸ் அடித்தவன் நான், புத்தகம் அச்செடுத்தவன் நான், கதவடியில் நின்று தலையாட்டியவன் நான். பிழை பிடிப்பதென்றால் என்னைப் பிடியுங்கள் என்றேன். "அப்ப உங்களையும்தான் மாஸ்ரர்" என்றார் அவர்.

இரண்டு சனிக்கிழமை கேதீஸ்வரன் வகுப்புக்கு வரவில்லை. முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்து காத்திருந்து போனார்கள். அடுத்த சனிக்கிழமை லவீனா மட்டும் வந்தாள். எழுத்துகள் சேர் சொல்லித் தந்தபடியால்தான் தனக்குக் கை ஓடியது என்று அவனிடம் சொல்லச் சொன்னாள். சுவர்ணா இரண்டு நாளும் வந்து முன்வாங்கில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். "வகுப்பு இல்லைப் பிள்ளை, வீட்டை போங்கோ" என்றேன். "தெரியும் சேர்" என்றாள். மணி முடியும்வரை இருந்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிபோல அவன் வீட்டுக்குப் போனேன். வகுப்பு இருக்கா இல்லையா, நோட்டீஸைக் கழற்றுவதா விடுவதா என்று கேட்க வேண்டும். முருங்கை மரத்தடியில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தான். பக்கத்து ஸ்ரூலில் சோற்றுக் கோப்பை மூடியபடி கிடந்தது.

"மத்தியானம் போட்டுக் குடுத்தது அண்ணை. ரெண்டு கிழமையா உதுதான் நிலைமை" என்றாள் உதயகலா. "நித்திரையிலை கதைச்சால் இவர் அந்தப் பாஷையிலைதான் கதைக்கிறவர். இப்ப அதுவும் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

"பெரிய சட்டிக்காரரிட்டைக் கேட்டனியோ?" என்றேன் அவனிடம். "ஏன் உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு?"

அவன் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று முகத்தில் தெரிந்தது. பாரிசில் குசினி திறக்கிற நேரம்தான். நான் போனை எடுத்து அவன் கையில் வைத்தேன். வீடியோவில் ஒரு வட்ட முகம் வந்தது. வெள்ளைத் தொப்பி, பின்னால் புகை. கேதீஸ்வரன் ஏதோ கேட்டான். அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு இவன் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகக் கதைத்தார்.

"என்னவாம்?" என்றேன். இன்னாசித்தம்பி முதலாளி கேட்ட அதே கேள்வி.

"எனக்குத் தெரியும் எண்டு நினைச்சவையாம்." கேதீஸ்வரன் போனைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னான். "எங்கடை ஊர்க் கதையைக் கதைக்கிற வெளியாள் நீ ஒருத்தன்தான் எண்டு சொல்லுறார். வேறை சீனர் கடைக்கு வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமை அடிக்கிறவராம். அவற்றை பிள்ளையளே அவருக்குப் பிரெஞ்சிலைதான் பதில் சொல்லுவினமாம். குசினியிலை நான் ஒருத்தன்தான் மறுமொழி சொன்னனானாம்."

வீட்டுக்குள்ளிருந்து சுவர்ணா வந்து கதிரைக்குப் பின்னால் நின்றாள். போனில் இருந்த மனிதர் அவளைக் கண்டு கையை ஆட்டினார். அவள் சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். அந்த ஒன்று எனக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள். அவர் திரும்பிக் கத்தினார். போனுக்குள் ஒவ்வொரு தலையாக வந்து நிறைந்தது. கத்தி பிடித்த ஒருவர், கை கழுவிய ஈரத்தோடு ஒருவர், வயதான ஒரு பெண். எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டார்கள். சுவர்ணா நின்ற இடத்தில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் மறுமொழி சொன்னாள். அந்த வயதான பெண் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கேதீஸ்வரன் போனை மடியில் வைத்தான். "வென்சோ" என்றான் ஒருமுறை, தனக்குத்தான். நான் வகுப்புக் கதையைத் தொடங்கினேன்.

"சுவர்ணா, லவீனா அக்கா சரியான சீனம் படிப்பிக்கிற ஒரு ஒன்லைன் வகுப்பைப் பற்றிச் சொன்னவ. உங்களையும் அதிலை சேர்த்துவிடட்டே?"

"வேண்டாம் சேர்."

"ஏன் பிள்ளை? உது ஒருத்தருக்கும் விளங்காதாம். யாழ்ப்பாணத்திலை நீங்களும் அவரும் ரெண்டு பேர்தான் கதைக்கலாம்."

"ஓம். அதுதான்" என்றாள்.

பிறகு ஸ்ரூலில் கிடந்த கோப்பையின் மூடியை எடுத்தாள். அவனைப் பார்த்துச் சீனத்தில் ஏதோ சொன்னாள், இரண்டு மூன்று சொல்தான். கேதீஸ்வரன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டான் போல; அவள் திரும்பவும் சொன்னாள். குசினி வாசலில் நின்ற உதயகலா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன கேதீஸ், பிள்ளை என்ன சொல்லுறா?"

அவன் எனக்குத் திருப்பிச் சொன்னான். அன்றைக்கு அவன் செய்த இரண்டாவது மொழிபெயர்ப்பு அது.

"சோறு ஆறிப்போச்சு, எழும்புங்கோ அப்பா எண்டு சொல்லுறாள் அண்ணை."

சொல்லிவிட்டு எழும்பினான்.